பஸ் ரிக்கெட், வலைத் துண்டு, பைண்டர் கம்: முதல் ஆர்ட் ஜேர்னல் பக்கம் செய்வது எப்படி

ஆர்ட் ஜேர்னல் என்பது படமும் எழுத்தும் ஒட்டுவேலையும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும் கொப்பி. நாட்குறிப்பு எழுதுகிறவருக்குப் பேனை மட்டும் போதும். இங்கே நிறம், துணி, பழைய கடதாசி, மை, நூல் எல்லாமே எழுதுகோல்தான். அக்ரிலிக் நிறத்துக்கு மேல் பத்திரிகைத் துண்டு, அதற்கு மேல் மை என்று பல பொருட்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் இதைக் கலப்பு ஊடகம் என்கிறோம். வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாருக்கும் காட்டவேண்டும் என்பதும் இல்லை.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது சாமான் பட்டியல்தான். அந்தப் பெயர் கொண்ட பசை, இந்தப் பெயர் கொண்ட மை, அச்சுவெட்டிய ஸ்டென்சில் செட். அதில் பாதி மட்டக்களப்பிலும் கிடைக்காது, அம்பாறையிலும் கிடைக்காது. கொழும்பில் இருந்து எடுப்பித்தால் விலை தலையைச் சுற்றும். அவ்வளவும் வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி. எதற்கு மேல் எது வரவேண்டும், எது எவ்வளவு காயவேண்டும் என்ற இரண்டும் பிடிபட்டுவிட்டால், புத்தகசாலையிலும் ஹாட்வெயார் கடையிலும் தையற்காரரின் குப்பைக்கூடையிலும் கிடைப்பதை வைத்தே நல்ல பக்கம் செய்யலாம்.

கீழே ஒரே ஒரு பக்கத்தைத் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை செய்து பார்க்கப் போகிறோம். விடயம், கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு ஒரு பஸ் பயணம். மருதமுனை, கல்லாறு, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று ஊர்கள் வரிசையாக வரும். இடையிடையே பாலங்களும் தண்ணீரும் வரும். பலருக்குப் பழகிய வழி என்பதால் எடுத்தேன். உங்கள் பக்கம் பொட்டுவில் சந்தையாகவோ அம்மம்மாவின் குசினியாகவோ இருக்கலாம், செய்முறை மாறாது.

கொப்பி

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் குறிப்பு எழுதும் சீ.ஆர். கொப்பிதான் பலருக்கும் முதலில் கையில் அகப்படுவது. மட்டை உறுதி, கட்டு உறுதி, ஆனால் தாள் மெல்லியது. அப்படியே நிறம் பூசினால் நெளிந்து, மறுபக்கம் ஊறி, கடைசியில் ஓட்டை விழும்.

ஏன் நெளிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தலையிடி போய்விடும். கடதாசி என்பது கூழாக்கி, விரித்து, அழுத்திக் காயவைத்த நார். வாழைச்சேனையில் 1956இல் தொடங்கிய ஆலையில் வயலில் மிஞ்சும் வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தார்கள். வைக்கோல் நாரோ மரநாரோ, தண்ணீர் குடித்தால் வீங்கும், காயும்போது சுருங்கும். எல்லா இடமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, அதனால் தாள் அலையடிக்கும். தடித்த தாளில் இந்த இழுபறி குறைவு.

சீ.ஆர். கொப்பியையே பயன்படுத்துவதென்றால் மூன்று தாள்களை ஒன்றாக ஒட்டி ஒரு பக்கமாக்குங்கள். பசையைத் தண்ணீர் கலக்காமல் மெல்லிசாகப் பூசி, பழைய ஏ.ரி.எம். அட்டையின் விளிம்பால் நடுவில் இருந்து வெளியே இழுத்துக் காற்றைத் தள்ளுங்கள். பிறகு கொப்பியை மூடி, மேலே நாலைந்து தடித்த புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடவேண்டும். ஒட்டிய பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் எண்ணெய்த் தாள் ஒன்று வைக்க மறந்தால் முழுக் கொப்பியும் பலகை ஆகிவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்தது கொப்பியை நாமே தைப்பது. ஒரு பிரிஸ்டல் போட்டை வாங்கிச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். ஐந்தாறு துண்டு போதும், அதற்கு மேல் போனால் ஊசி இறங்காது. மடிப்பில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஓட்டை. தடித்த நூலை உள்ளிருந்து நடு ஓட்டையால் வெளியே எடுங்கள். மேல் ஓட்டையால் உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளேயே நீட்டி இழுத்துக் கீழ் ஓட்டையால் வெளியே விட்டு, திரும்பவும் நடு ஓட்டையால் உள்ளே எடுங்கள். இப்போது நூலின் இரண்டு நுனியும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீள நூலுக்கு ஒரு நுனி இந்தப் பக்கம், மறுநுனி அந்தப் பக்கம் வருமாறு வைத்து முடிச்சுப் போட்டால் கொப்பி தயார். காசு இருந்தால் சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வர்ணத் தாள் வாங்கி இதே மாதிரித் தைக்கலாம். அதுதான் ஈரத்தை நன்றாகத் தாங்கும்.

ஒட்டுவதற்குச் சேர்ப்பது

ஒரு பழைய பிஸ்கட் டின்னை ஒதுக்கி வைத்துக்கொண்டு கிடைப்பதைப் போடுங்கள். பஸ் ரிக்கெட், தினக் கலண்டர் தாள், தேயிலைப் பைக்கற்றின் உள்ளே இருக்கும் வெள்ளித் தாள், கலியாண அழைப்பிதழின் ஓரம், சாப்பாட்டுக் கடையில் சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டு. மருதமுனையும் காத்தான்குடியும் கைத்தறிக்குப் பெயர்போன ஊர்கள். கைத்தறிச் சேலையின் முந்தானையில் வெட்டி எறியும் நூல் குஞ்சம்கூட நல்ல பொருள். தையற்கடையில் கேட்டால் துண்டுத்துணி சும்மாவே தருவார்கள்.

இதில் சிலவற்றைப் பார்த்துச் சேர்க்கவேண்டும். இயந்திரத்தில் இருந்து வரும் பஸ் ரிக்கெட்டும் கடைப் பில்லும் சூட்டால் அச்சாகும் தாள். அதில் மை கிடையாது. தாளில் பூசிய பூச்சு சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்து. ஹெயார் டிரையர் பிடித்தால் முழுவதும் கறுத்துப்போகும், சும்மா விட்டால் கொஞ்ச நாளில் எழுத்து மங்கிப்போகும். எழுத்து முக்கியம் என்றால் போட்டோக் கொப்பி எடுத்து அதை ஒட்டுங்கள்.

போட்டோக் கொப்பியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கொமினிகேஷன் கடைகளில் இருக்கும் பெரிய இயந்திரம் தூள்மையை உருக்கித் தாளில் ஒட்டுகிறது. அது ஈரத்துக்கு அசையாது. வீட்டில் பாவிக்கும் இங்க்ஜெட் பிரின்டரின் மை பெரும்பாலும் தண்ணீரில் கரைவது, பசை பட்டதும் நீலமும் சிவப்புமாக ஓடும். எது எதுவென்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஈர விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

குடும்பப் படங்களின் மூலப்பிரதியை ஒருபோதும் ஒட்டாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் பழைய படம் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு போட்டோக் கொப்பியைத்தான் கிழிக்கவேண்டும், ஒட்டவேண்டும்.

திருவிழா நோட்டீஸ், இறைவசனம் அச்சான தாள் போன்றவற்றைக் கிழித்து ஒட்டுவது வீட்டில் யாருக்காவது மனக்கஷ்டம் தரலாம். அந்தப் பகுதியை வெட்டி ஒதுக்கிவிட்டு வெறும் நிறமுள்ள ஓரத்தை எடுத்தால் பிரச்சினை இல்லை.

அடிப்பூச்சு

வெளிநாட்டுச் செய்முறைகள் எல்லாம் ஜெஸ்ஸோவில் தொடங்கும். ஜெஸ்ஸோ என்பது வெள்ளை நிறமும் சுண்ணத் தூளும் அக்ரிலிக் பசையும் சேர்ந்த அடிப்பூச்சு. தாள் நிறத்தை உறிஞ்சாமல் தடுப்பதும், மேலே வருவது பிடிக்க ஒரு சொரசொரப்பைக் கொடுப்பதும் அதன் வேலை. ஆர்ட் சாமான் விற்கும் கடையில் சின்னப் போத்தல் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வீட்டுச் சுவருக்குப் பூசிய வெள்ளை எமல்சன் மிச்சம் போதும். எனாமல் வேண்டாம், அது எண்ணெய்ப் பெயின்ற், காய நாளாகும், மேலே தண்ணீர்க் கலவை எதுவும் பிடிக்காது. மூன்று கரண்டி எமல்சனுக்கு ஒரு கரண்டி வெண்கட்டித் தூளும் ஒரு கரண்டி பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையும் கலந்தால் யோகட் பதத்தில் ஒரு பூச்சு வரும். தூளை அரைக்கும்போது மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

தட்டைப் பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு முறை குறுக்கே பூசுங்கள். காய்ந்த பிறகு இன்னொரு முறை நெடுக்கே. பிரஷ் கோடு தெரிந்தால் தெரியட்டும், பிறகு நிறம் அந்தப் பள்ளங்களில் தங்கி அழகாக வரும். ஒரு பக்கம் மட்டும் பூசிய தாள் அந்தப் பக்கமாக வளையும். பின்பக்கத்திலும் ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்தால் இரண்டு பக்க இழுவையும் சமன்பட்டு நேராகும்.

பூசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாம், கட்டாயம் இல்லை. வெறுந்தாளில் பென்சிலால் மனதில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் விடாமல் போன் பேசியது, மாமியோடு போட்ட சண்டை, எதுவானாலும் சரி. அதற்கு மேல் வெள்ளை பூசிவிட்டால் யாராலும் வாசிக்க முடியாது. வெறுந்தாளைக் கண்டு கை நடுங்குகிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

காயவிடுவது

இந்த வேலையில் பொறுமை கேட்கும் இடம் இதுதான். அடுக்கு காயாமல் அடுத்ததை ஏற்றினால் கீழிருக்கும் நிறம் கிளம்பி மேலே வந்து கலங்கும், ஒட்டிய துண்டு வழுக்கும், தாள் பிய்யும்.

நம் ஊர்ப்பக்கத்தில் காயும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். வைகாசி, ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்று, மலைநாட்டுக்கு அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு சுட்டுக்கொண்டு இறங்குவது. அந்த நாட்களில் மெல்லிய பூச்சு நீங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். பாதகமும் உண்டு. தட்டில் பிழிந்த அக்ரிலிக்கும் அதே வேகத்தில் தோல் கட்டிப்போகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழியுங்கள், இடைக்கிடை தண்ணீர் தெளியுங்கள். முற்றத்தில் வைத்தால் மண் பறந்து ஒட்டும். விறாந்தையில் வைத்து, உடுப்புக் கிளிப்பால் பக்கத்தைப் பிடித்துவிடுங்கள்.

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை நிலைமை தலைகீழ். வடகீழ்ப் பருவமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது மேற்பரப்பு காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே பச்சையாக இருக்கும். அந்த மாதங்களில் ஒரு நாளில் ஓர் அடுக்குக்கு மேல் செய்யாதீர்கள். ஃபேனுக்குக் கீழே விரித்து வையுங்கள். ஹெயார் டிரையர் பிடிப்பதென்றால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவேண்டும். தடித்த பசைக்குக் கிட்டப் பிடித்தால் கொப்புளம் கிளம்பும்.

காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை மெதுவாக வையுங்கள். குளிர்ந்து தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

நிறம்

மூன்று நிறம் எடுங்கள், வெள்ளையைச் சேர்த்தால் நாலு. இந்தப் பக்கத்துக்கு வாவியின் நீலப்பச்சை, மணலின் மங்கல் மஞ்சள், பஸ்ஸின் சிவப்பு. சிவப்பும் பச்சையும் ஈரத்தில் சந்தித்தால் சேறாகும். நீலப்பச்சையும் மஞ்சளும் சந்தித்தால் நல்ல பச்சை வரும். ஆகவே முதலில் நீலப்பச்சையும் மஞ்சளும். அது காய்ந்த பிறகு சிவப்பைக் கொஞ்சமாக.

பிள்ளைகளின் நீர்வர்ணப் பெட்டியும் போஸ்டர் கலரும் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் தோல் மாதிரி, அப்புறம் தண்ணீருக்கு அசையாது. பல அடுக்குப் போடும் வேலைக்கு அக்ரிலிக்கை எல்லாரும் எடுப்பது அதனால்தான். நீர்வர்ணம்தான் இருக்கிறது என்றால் அதை இறுதி அடுக்குகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷ்ஷைவிடப் பழைய அட்டையால் இழுத்துப் பூசிப் பாருங்கள். நிறம் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் வெள்ளை தெரிய மெல்லிசாகவும் போகும். பக்கம் முழுவதையும் ஒரே சீராக மூடவேண்டும் என்று நினைக்காதீர்கள், அது சுவருக்குப் பெயின்ற் அடிப்பது.

குசினி நிறங்களுக்கும் ஆசைப்படலாம். தேயிலைச் சாயம் புதுத் தாளைப் பழைய கடிதமாக்கும். மஞ்சள் கரைசல் காய்ந்த பிறகு அதன் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டால் அந்த இடம் சிவக்கும், ஆலாத்தித் தட்டில் பார்த்திருப்பீர்கள். செவ்வரத்தம் பூச் சாறும் சங்குப்பூச் சாறும் எலுமிச்சை பட்டதும் நிறம் மாறும். விளையாட்டு நன்றாக இருக்கும், ஆனால் இவை எல்லாம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். மூடி வைக்கும் கொப்பிக்குச் சரி, சுவரில் மாட்டும் படத்துக்குச் சரிவராது.

அச்சும் சொரசொரப்பும்

காசு கொடுத்து வாங்கும் ஸ்டென்சில்களை எல்லாம் தோற்கடிக்கும் ஒன்று கடற்கரையில் கிடக்கிறது. கிழிந்து எறிந்த மீன்வலைத் துண்டு. நன்றாகக் கழுவி உப்பும் மணமும் போன பிறகு, பக்கத்தில் இழுத்து விரித்து டேப்பால் ஒட்டி, பஞ்சுத் துண்டில் நிறம் தொட்டு மேலே ஒற்றுங்கள். பஞ்சு கிட்டத்தட்ட உலர்ந்திருக்கவேண்டும், முதலில் வேறொரு கடதாசியில் ஒற்றி மேலதிக நிறத்தை எடுத்துவிடுங்கள். ஈரம் கூடினால் நிறம் வலைக்குக் கீழே ஊறி உருவம் கெடும். வலையை எடுத்ததும் மீன்செதில் போலக் கட்டம் கட்டமாக நிற்கும். வலையை ஒரு பக்கம் இறுக்கியும் மறுபக்கம் தளர்த்தியும் பிடித்தால் கட்டங்கள் சிறுத்துப் பெருத்து, தண்ணீர் அசைவது மாதிரி வரும்.

வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திர அச்சு. வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே அறை அறையாக இருக்கும் பிறைவடிவம். இரண்டையும் வெட்டிக் கொஞ்ச நேரம் ஈரம் உலர விட்டுத்தான் நிறம் தொடவேண்டும். போத்தல் மூடி வட்டம், பன்பாயின் கிழிந்த ஓரம் பின்னல் கோடு. பெட்டி மட்டையின் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே நெளிவரி வரும், அதைத் துண்டாக வெட்டி ஒட்டி மேலே நிறம் பூசினால் தகரக்கூரைதான்.

கடல்மண் தூவ ஆசை வரும். இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்துத்தான் பாவிக்கவேண்டும். கழுவாத மண்ணில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த இடம் எப்போதும் பிசுபிசுக்கும். மண்ணைப் பக்கத்தின் நடுவிலே தூவாமல் ஓரத்தில் மெல்லிய கீற்றாக வையுங்கள், இல்லாவிட்டால் கொப்பி மூடாது.

ஒட்டுவது

1912இல் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தில் அச்சுத்துணியையும் கடதாசித் துண்டையும் ஒட்டியபோது அது கலைஉலகில் பெரிய புதுமை. பிறகு ஜெர்மனியில் குர்ட் ஷ்விற்றர்ஸ் என்பவர் தெருவில் எறிந்த ரிக்கெட்டுகளையும் உறைகளையும் வைத்தே படங்கள் செய்தார். பஸ் ரிக்கெட்டை ஒட்டுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் பசை தொடாமல் அடுக்கிப் பாருங்கள். பெரிய துண்டு கீழே, சின்னது மேலே. சரியாக நடுவில் எதையும் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் கண் பக்கத்தில் உலாவும். பிடித்த அடுக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பசை பூசத் தொடங்கினால் எது எங்கே இருந்தது என்று ஞாபகம் இருக்காது, ஃபேன் காற்று வேறு எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

கத்தரித்த ஓரம் கூர்மையாகத் தனித்துத் தெரியும். கையால் கிழித்த ஓரம் நிறத்தோடு கலந்துபோகும். பின்னணித் துண்டுகளைக் கிழியுங்கள், ரிக்கெட் போல உருவம் தெரியவேண்டியதைக் கத்தரியுங்கள். பத்திரிகை ஒரு திசையில் நேராகக் கிழியும், மறுதிசையில் கோணிக்கொண்டு போகும். நேராகக் கிழியும் திசைதான் நார் படுத்திருக்கும் திசை. நீளமான கீற்று வேண்டுமென்றால் அந்தத் திசையில் கிழியுங்கள்.

மெல்லிய தாளுக்கு இரண்டு பங்கு பைண்டர் கம்மும் ஒரு பங்கு தண்ணீரும். துணிக்கும் மட்டைக்கும் தண்ணீர் கலக்காத பசை. அடியில் ஒரு பூச்சு, துண்டை வைத்து நடுவில் இருந்து வெளியே தடவி, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. வெள்ளையாகத் தெரியும் பசை காய்ந்ததும் கண்ணாடி ஆகிவிடும். கோதுமை மாப் பசையும் நன்றாக ஒட்டும், ஆனால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். நாள்பட வைக்கும் கொப்பிக்கு நான் மாப் பசையைச் சொல்லமாட்டேன்.

ஒட்டி முடித்ததும் பக்கம் சந்தைக்கடை மாதிரித்தான் தெரியும். பயப்படவேண்டாம். காய்ந்த பிறகு வெள்ளை அக்ரிலிக்கில் நிறையத் தண்ணீர் கலந்து, துண்டுகளின் ஓரங்களில் பூசி, உடனே துணியால் துடையுங்கள். எல்லாத் துண்டுக்கும் மேல் ஒரு மெல்லிய மூட்டம் வந்து, வேறு வேறு இடத்தில் இருந்து வந்தவை ஒரே பக்கத்துக்கு உரியவை ஆகும். முதன்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இது.

கண் நிற்கும் இடம்

ஒரு பக்கத்துக்கு ஓர் உருவம் போதும். நம் பக்கத்துக்கு கல்லடிப் பாலத்தை எடுக்கலாம், இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய பாலத்தை. மட்டக்களப்பின் சின்னமான பாடும் மீனை விட்டுவிடுங்கள், அது ஏற்கெனவே எல்லாப் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது.

வரைய வராதவர்களுக்கு டேப் வழி. நீங்களே எடுத்த பாலத்தின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டோக் கொப்பி எடுங்கள். பார்சல் ஒட்டும் அகலமான கண்ணாடி டேப்பை அதன் மேல் ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். வெட்டி எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, பின்பக்கத் தாளை விரலால் உருட்டி உருட்டி எடுத்துவிடுங்கள். தாள் போய்விடும், கறுப்பு மை மட்டும் டேப்பில் நிற்கும். காய்ந்ததும் பசை தொட்டு ஒட்டினால் பாலத்துக்குக் கீழே நீங்கள் பூசிய நீலப்பச்சை தெரியும். இந்த முறையில் எழுத்துகள் இடம்வலமாகத் திரும்பாது என்பது இன்னொரு வசதி, ஊர்ப் பெயர்ப்பலகையையும் இப்படி எடுக்கலாம்.

எழுத்து

மெழுகுப் பென்சிலும் ஒயில் பேஸ்டலும் இறுதியில் வரட்டும். அவற்றின் மேல் தண்ணீர்க் கலவை பிடிக்காது, அவற்றின் மேல் எழுதினால் பேனை முனை அடைத்துவிடும். காய்ந்த அக்ரிலிக்கில் பெர்மனன்ட் மாக்கரும் சாதாரண போல்பொயின்ட் பேனையும் நன்றாக எழுதும். ஜெல் பேனை காய நேரமெடுக்கும், கை பட்டால் இழுபடும்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் சொல்லாத ஒன்று நம் எழுத்துக்கு உண்டு. ண, ஞ, ழ, ஹ போன்றவற்றில் சுழியும் வளைவும் அதிகம். சொரசொரப்பான பரப்பில் தடித்த பேனையால் சின்னதாக எழுதினால் சுழிகள் மூடிக் கறுப்புப் புள்ளி ஆகிவிடும். ஆகவே மெல்லிய முனை எடுங்கள், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் வழுவழுப்பான வெள்ளைத் தாளில் எழுதி, கீற்றாக வெட்டி ஒட்டுங்கள். பஸ் நின்ற ஊர்களின் பெயரை இப்படிக் கீற்றாக வெட்டிக் கல்முனையைக் கீழேயும் மட்டக்களப்பை மேலேயும் வைத்துப் படிப்படியாக ஏற்றினால் பக்கத்தில் வழியே தெரியும். நீளமாக எழுதவேண்டாம். நடத்துனர் கூப்பிட்டது, ஜன்னலால் வந்த மணம், பக்கத்து இருக்கைப் பிள்ளையின் கேள்வி என்று இரண்டு வரி போதும்.

மூடி வைக்கும்போது

காய்ந்த அக்ரிலிக் பக்கங்கள் இரண்டு முகத்துக்கு முகம் அழுந்தினால் ஒட்டிக்கொள்ளும், புழுக்க நாட்களில் இன்னும் மோசம். மெழுகுதிரியைப் பக்கத்தின் மேல் லேசாகத் தேய்த்து மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் போதும், அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எதுவும் பூச முடியாது என்பதால் எல்லாம் முடிந்த பின் செய்யுங்கள். கூடவே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் எண்ணெய்த் தாள் வையுங்கள். மழை மாதங்களில் கொப்பியை இரும்பு அலுமாரிக்குள் அடைக்காமல், நிமிர்த்தி, பக்கங்கள் கொஞ்சம் விரிந்திருக்கக் காற்றாட வைக்கவேண்டும்.

தட்டில் மிஞ்சிய நிறத்தைக் கழுவவேண்டாம். அடுத்த வெறும் பக்கத்தைத் திறந்து அதில் துடைத்துவிடுங்கள், அடுத்த பின்னணி பாதி ஆகிவிடும். பிரஷ்களை முதலில் பழைய பத்திரிகையில் நன்றாகத் துடைத்து, பிறகு வாளித் தண்ணீரில் கழுவுங்கள். அக்ரிலிக் கரைந்த தண்ணீரை வாவிக்கு ஓடும் கானில் ஊற்றாதீர்கள். வாளியை ஒரு நாள் அசையாமல் விட்டால் கசடு அடியில் தங்கும், தெளிந்த தண்ணீரை முற்றத்து மண்ணில் விட்டுக் கசடைப் பத்திரிகையில் வழித்துக் குப்பையில் போடலாம். பிரஷ்ஷுக்குக் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு, முடியை விரலால் கூராக்கி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்கி முடி கழன்றுவிடும்.